தேவை எழவில்லை என்று பதில் எழுதியவர்களுக்கு

மாண்புமிகு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

எங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை ஏன் இல்லை என்று கேட்டு நான் அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. "இம்மருத்துவமனையில் மேற்படி மருந்துக்கான தேவை எழவில்லை. ஆகவே கொள்முதல் செய்யப்படவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது." அவ்வளவுதான். கையொப்பம், முத்திரை, நாள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவன். இப்படி ஒரு பதில் எப்படித் தயாராகும் என்பது எனக்குத் தெரியும். மனு மருந்தாளுநரிடம் போயிருக்கும். அவர் இருப்புப் பதிவேட்டைப் புரட்டியிருப்பார். அந்த மருந்துக்கு அதில் பக்கமே இருக்காது. பக்கம் இல்லாததால் இன்டென்ட், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் கோரிக்கைச் சீட்டு, போகவில்லை. இன்டென்ட் போகாததால் மருந்து வரவில்லை. மருந்து இல்லாததால் மருத்துவர் சீட்டில் எழுதுவதில்லை. எவரும் எழுதாததால் தேவை எழவில்லை. இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. கோப்பு சுத்தமாக இருக்கிறது. அந்தக் கோப்பு இருக்கும் கட்டடத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் என் மூத்த அக்கா மாதக்கணக்கில் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அக்காவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். காவிரிப் பாசனப் பகுதியில் நடவுக்குப் போகும் பெண்கள் பலரையும் போல, பதினெட்டு வயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலையும் அடக்கிப் பழகியவர். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது, கதிரியக்கமும் கொடுத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் எல்லாம் நடந்தது. எங்கள் கையிலிருந்து போனது பஸ் டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும்தான். அதை நான் நன்றியோடு பதிவு செய்கிறேன். அடுத்த ஆண்டு கழுத்தில் கட்டி வந்தது. அது உடைந்து புண்ணானது. அப்போது அதே ஆஸ்பத்திரியில், "இனி இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் வலிக்கு டிராமடால், வயிற்றுக்கு பான்டோபிரசோல், கடைசி வரியில் "தேவைப்பட்டால் மீண்டும் வரவும்".

படுக்கையில் சேர்த்தால்தான் காப்பீட்டு அட்டைக்கு உயிர் வருகிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளோடு அந்த அட்டை எங்களுக்கு வெறும் அட்டையாகிவிட்டது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புண்ணிலிருந்து வந்த நாற்றம் வாசல்வரை அடித்தது. அத்தான் காலையிலிருந்து சாம்பிராணி போட்டுக்கொண்டே இருப்பார். எதற்காகப் போடுகிறார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். சேலைத் தலைப்பை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பேரப்பிள்ளைகளை அந்த அறைக்குள் விடுவதில்லை. தெருப் பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இரவில் படுக்க முடியாது. நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். வாய் திறக்காததால் அலறவும் முடியாது. அவர் வலியில் இருக்கிறார் என்பது கால் பெருவிரல் தரையைத் தேய்ப்பதில்தான் தெரியும். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை வழவழப்பாகியிருந்தது.

இந்த நிலையில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு செவிலியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. விருதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி இருக்கிறது. உள்ளே வந்ததும் மூக்கைச் சுளிக்கவில்லை, கைக்குட்டையைத் தேடவில்லை. அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கச் சொன்னார், ஒரு தேக்கரண்டி உப்புப் போடச் சொன்னார். அந்த நீரால் புண்ணைக் கழுவினார். பிறகு பையிலிருந்து மெட்ரோனிடசோல் மாத்திரைகளை எடுத்தார். சீதபேதிக்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரைதான். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்துப் பொடியாக நசுக்கினார். அந்தப் பொடியைப் புண்ணின் மேல் தூவி, அதன் மேல் காஸ் துணி வைத்துக் கட்டினார். "இதைத் தினமும் செய்யுங்கள், நாற்றம் போய்விடும்" என்று என் அக்கா மகளிடம் கையோடு செய்யவைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, நாற்றம் போய்விட்டது. சாம்பிராணி நின்றது. சின்னப் பேத்தி போய்ப் பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டாள்.

ஐயா, அந்த மாத்திரை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறது. எங்கள் ஊர் மருந்துக்கடையிலும் இருக்கிறது. புண் உடைந்த நாள் முதல் அந்தச் செவிலியர் வந்த நாள்வரை நாங்கள் பார்த்த மருத்துவர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. சொல்ல ஒரு நிமிடம் ஆகும். ஒரு மனுஷி தன் வீட்டுக்குள்ளேயே தீண்டத்தகாதவராகக் கிடந்ததற்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்காததுதான் காரணம்.

நாற்றத்தை அந்தச் செவிலியரால் தீர்க்க முடிந்தது. வலியைத் தீர்க்க முடியவில்லை. "மார்ஃபின் கிடைத்தால் அம்மா தூங்குவார்கள், சார். எழுதிக்கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். ஒரு வட்டாரம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். பக்கவாதம் வந்தவர்கள், படுக்கைப் புண் வந்தவர்கள், சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டியவர்கள் எல்லாருக்கும் அவர்தான் போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு மறுமுறை வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. குறையாகச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

தாலுகா மருத்துவமனைக்குப் போனேன். பணியில் இருந்தவர் இளம் மருத்துவர், மரியாதையாகவே பேசினார். "அது போதை மருந்து, சார். இங்கே கிடையாது. இருந்தாலும் நான் எழுதமாட்டேன். மூச்சு நின்றுபோனால் யார் பதில் சொல்வது?" என்றார். டிராமடால் ஊசி போட்டு அனுப்பினார். வெளியே மருந்துக்கடையில் கேட்டபோது, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். கடைசியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் கிடைத்தது. அந்தப் பிரிவு வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் இயங்கும். நோயாளியை நேரில் அழைத்துவந்தால்தான் தருவோம் என்றார்கள். கழுத்தில் திறந்த புண்ணோடு, படுக்கவும் முடியாத மனுஷியை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அங்கே இருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பத்து மில்லிகிராம் மாத்திரை. அதன் வேலை நான்கு மணி நேரம்தான். ஆகவே வலி வந்தபின் கொடுக்கக்கூடாது, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். படுக்கப் போகும்போது இரண்டாகக் கொடுத்தால் நடு இரவில் எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், பிறகு போய்விடும். வலிக்குத் தக்கபடி அளவை மெல்ல ஏற்றினால் மூச்சுக்கு ஆபத்து இல்லை. ஆனால் எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

அன்று இரவு அக்கா படுத்துத் தூங்கினார். சுவரில் சாயாமல், பாயில், ஒருக்களித்து. பயந்துபோய் நாங்கள்தான் மாறி மாறி எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் அவரே எழுந்து கஞ்சி கேட்டார். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் பேத்திக்குத் தலை பின்னிவிட்டார், நெல் விற்ற பணத்தில் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அத்தானிடம் சைகையில் கணக்குச் சொன்னார், என்னிடம் ஒரு பழைய சண்டையைத் தீர்த்துக்கொண்டார். நோய் குணமாகவில்லை. வலி போனதும் அவர் பழைய அக்காவாகிவிட்டார்.

பிறகு ஒரு வாரம் போனபோது, "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். திடீரென்று நிறுத்தக்கூடாது என்று எந்த இடத்தில் சொன்னார்களோ அதே இடத்தில். அந்த வாரத்தில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. முடிவில் பொறுக்கமாட்டாமல் அக்கா மகன் 108ஐ அழைத்துவிட்டான். அவசரச் சிகிச்சைப் பிரிவில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், மூக்கில் குழாய் விட்டார்கள். அக்கா அதைப் பிடுங்கினார். கையைக் கட்டில் கம்பியோடு காஸ் துணியால் கட்டினார்கள். வீட்டில், தன் பாயில் போக வேண்டும் என்று அவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். கை கட்டப்பட்ட நிலையில், தெரியாத முகங்களுக்கு நடுவே போனார்.

உங்கள் துறையின் பதிவேட்டில் இது புற்றுநோய் மரணம் என்று இருக்கும். அது சரிதான். ஆனால் அந்தக் கடைசி வாரத்தின் வலிக்குப் புற்றுநோய் பொறுப்பல்ல. அதற்குப் பொறுப்பு ஒரு இன்டென்ட்.

ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது; அரசிதழ் படித்துப் பழகிய கண்ணும் இருக்கிறது. ஆகவே இந்த மருந்து ஏன் இப்படி ஒளிந்துகொண்டது என்று தேடிப் படித்தேன். 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் தடுப்புச் சட்டம் வந்தது. தண்டனைகள் கடுமை. கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறை என்ற பயத்தில் மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. மாநிலத்துக்கு ஒரு விதி, பல துறைகளிடம் பல உரிமங்கள். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மார்ஃபின் பயன்படுத்திய இந்த நாடு 1997இல் 20 கிலோவைக்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், மார்ஃபின் எடுக்கப்படும் அபினிச் செடி அரசு உரிமத்தோடு பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமுச்சிலும் அரசின் ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு அபினியை அனுப்பிக்கொண்டே, உள்ளூர் நோயாளிக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

இது பழைய கதை. 2014இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. 2015இல் விதிகளும் வந்துவிட்டன. பல உரிமங்கள் வேண்டியதில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகாரம் கொடுத்தால் போதும். அதற்கு அந்த மருத்துவமனையில் வலி நிவாரணத்திலோ நோய் ஆதரவு சிகிச்சையிலோ பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். ஒரே ஒருவர். சட்டம் கதவைத் திறந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் தாலுகா மருத்துவமனை இன்னும் 1985இலேயே உட்கார்ந்திருக்கிறது. நிர்வாகத்தில் இது புதிதல்ல. தடை விதிக்கும் ஆணை ஒரே நாளில் கடைநிலை ஊழியர்வரை போய்ச் சேரும். தடையை நீக்கும் ஆணை மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடும்.

இந்த மாத்திரை தெருவுக்குப் போய்விடும் என்ற பயம் உங்கள் அதிகாரிகளுக்கு இருக்கலாம். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, வீட்டில் வைத்துச் சாப்பிட நோயாளிகளிடமே மார்ஃபின் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பியது. இரண்டாண்டுக் காலத்தில் அப்படிப் பெற்ற 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை ஆராய்ந்து 2001இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு மாத்திரைகூடத் தவறான கைக்குப் போனதாகக் கண்டறியப்படவில்லை. மேலும், ஊருக்கு ஊர் மதுக்கடை நடத்தும் ஓர் அரசு, சாகக் கிடக்கும் அறுபத்தெட்டு வயதுக் கிழவி போதைக்கு அடிமையாகிவிடுவாள் என்று கவலைப்படுவதை என்னால் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. மன்னிக்கவும்.

கேரளம் 2008இலேயே இதற்கென்று மாநிலக் கொள்கை வகுத்துவிட்டது. அங்கே ஊராட்சிகளே செவிலியரை வைத்து வீட்டுக்கு வீடு அனுப்புகின்றன. அவர்களுக்கு ஊர்த் தொண்டர்கள் கிடைத்தார்கள் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. நம்மிடம் அவர்களிடம் இல்லாதது ஒன்று இருந்தது: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் அமைந்த அந்தக் கழகம் மொத்தமாக மருந்து வாங்கிக் கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையம்வரை கொண்டுசேர்க்கும் முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய மாநிலம் இது. மார்ஃபின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய். கிடங்கு இருக்கிறது, வண்டி இருக்கிறது, வீட்டுக்குப் போகும் செவிலியரும் இருக்கிறார். எல்லாம் இருந்தும் நடுவே ஒரு கண்ணி அறுந்து கிடக்கிறது.

இந்தக் குறையைச் சொல்லிக்கொண்டு ஏன் அதிகம் பேர் உங்கள் வாசலுக்கு வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். ரேஷன் அட்டை கிடைக்காதவர் மறுநாளும் வருவார், பட்டா கிடைக்காதவர் பத்து வருடம் வருவார். வலி மாத்திரை கிடைக்காதவர் இறந்துவிடுகிறார். கருமாதி முடிந்த குடும்பம் அந்த நாட்களைத் திரும்பிப் பார்க்க அஞ்சுகிறது. "ஏதோ, விட்டது கஷ்டம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு வயலுக்குப் போகிறது. மனு வராத குறை, குறையே இல்லை என்று உங்கள் அலுவலகம் முடிவு செய்துகொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கருணைக்கொலை கேட்கவில்லை. ஆனால் கடைசி நாட்களில் குழாயும் கருவியும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இந்த நாட்டில் இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழி சொன்னது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, நீதித்துறை நடுவருக்குப் பதிலாக நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. அந்த ஆவணத்தின் நகலை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அக்காவுக்கு நேர்ந்தது எனக்கு நேரக்கூடாது என்று நானும் ஒன்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்திட்டு, எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த எழுத்தர் முழுவதையும் படித்துவிட்டு, "சார், உயில் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் சொத்து விவரமே இல்லையே?" என்றார். அவர் மேல் தவறில்லை. அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் வந்திருக்கவில்லை. மரியாதைக்காக நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, ஆவணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

ஆகவே நான் கேட்பவை இவை.

ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும், குறிப்பிட்ட ஒரு தேதிக்குள், மார்ஃபின் மாத்திரை இருக்க வேண்டும். அதற்கான அங்கீகாரத்தை ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக விண்ணப்பித்துப் பெறட்டும் என்று விட்டால் பாதிப் பேர் விண்ணப்பிக்கமாட்டார்கள்; "செய்யலாம்" என்று வரும் ஆணைக்கு என்ன கதி என்று நானறிவேன். துறையே மொத்தமாகப் பெற்றுக்கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு ஒருவருக்குப் பயிற்சி என்றால் அவர் மாறுதலில் போன அன்றே மருந்து நின்றுவிடும், ஆகவே இருவருக்காவது பயிற்சி கொடுங்கள். மருத்துவப் பணிகள் கழகம் இந்த மருந்துக்கு மட்டும் இன்டென்ட்டுக்காகக் காத்திருக்காமல், குறைந்தபட்ச இருப்பு இவ்வளவு என்று நிர்ணயித்து, அது குறைந்ததும் தானாக அனுப்ப வேண்டும். மருந்து தீர்ந்துபோன நாட்களுக்கு மருத்துவ அலுவலர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

ஒருமுறை மருத்துவர் பார்த்து அளவு நிர்ணயித்த நோயாளியை ஒவ்வொரு வாரமும் காரில் ஏற்றிக்கொண்டுவரச் சொல்லாதீர்கள். செவிலியர் வீட்டில் பார்த்து எழுதும் குறிப்பையும் தொலைபேசியில் அவர் கலந்துபேசுவதையும் வைத்து மருத்துவர் மறுசீட்டு எழுதட்டும். குடும்பத்தில் ஒருவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளட்டும்.

நோய் ஆதரவு செவிலியர் வட்டாரத்துக்கு ஒருவர் போதாது. எத்தனை பேர் வேண்டும் என்பதை நீங்கள்தான் கணக்கிட வேண்டும்; கணக்கிடும்போது தயவுசெய்து வீட்டு வருகைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒரே நோயாளியின் வீட்டுக்கு ஒரு வருகைக்கும் மறு வருகைக்கும் இடையே எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள்.

"இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று எந்த நோயாளியையும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டோடு வலிக்கான மருந்து, புண் கழுவும் முறையைத் தமிழில் எழுதிய ஒரு தாள், அந்த வட்டாரச் செவிலியரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் போக வேண்டும். அதே நாளில் அந்தச் செவிலியருக்கும் தகவல் போக வேண்டும். அப்படி அனுப்பப்படுபவர்களின் பெயர்கள் ஏற ஒரு பதிவேடு திறங்கள்; தேவை எழுந்ததா இல்லையா என்பதை அதைப் பார்த்துச் சொல்லுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுப் பராமரிப்புக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

நகராட்சி நிர்வாகம், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளோடு பேசி, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர் யார் என்று ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் நியமித்து, சுற்றறிக்கை அனுப்புங்கள். இப்படிப்பட்ட நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்தலாமா என்று பார்க்க நீதிமன்றம் கேட்டிருக்கும் மருத்துவக் குழுக்களுக்கான மருத்துவர்களையும் மாவட்டந்தோறும் பெயர் குறித்து அறிவியுங்கள்.

இந்தக் கடிதத்தை எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முதல் கோரிக்கைக்கு எனக்கு வேண்டிய பதில் ஒரு பட்டியல்: எந்தெந்தத் தாலுகா மருத்துவமனைக்கு அங்கீகாரம் இருக்கிறது, எதற்கு இல்லை, இல்லாதவற்றுக்கு எந்தத் தேதிக்குள் கிடைக்கும். முப்பது நாளுக்குள் வராவிட்டால் இதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தாலுகா வாரியாகத் தனித்தனி மனுக்களாக அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்